சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட இரண்டு வரிகள்

சின்ன வெங்காயத்துல வந்த திருகல் நோயைப் பத்தி இந்த வாரம் எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சுக்குவோம். ஏன்னா செவ்வாய்க்கிழமை தபால்காரர் எங்க சித்தப்பாவுக்கு ஒரு கவர் கொண்டு வந்தார். அதுக்குள்ள இருந்தது ஒரே ஒரு தாள். அந்தத் தாளுக்காக அவர் நாற்பது வருஷத்துக்கு மேல காத்திருந்தார். அந்தக் கதையையும், அதை ஒட்டி நான் தெரிஞ்சுக்கிட்ட கொஞ்சம் வரலாற்றையும் சொல்லிடுறேன்.

சித்தப்பா 1963-ல் பட்டாளத்துல சேர்ந்தார். அதுக்கு முந்தின வருஷம்தான் சீனாவோட சண்டை. அந்தச் சண்டையில பட்ட அடிக்கு அப்புறம் ராணுவத்தைப் பெருசாக்க நாடு முழுக்க ஆள் எடுத்தாங்க. எங்க பக்கம் மானாவாரி பூமி. மழை பேஞ்சா சோளம், பேயலைன்னா ஒண்ணுமில்ல. அப்படிப்பட்ட ஊர்ல 18 வயசுப் பையனுக்குச் சாப்பாடு, துணி, மாசச் சம்பளம் மூணும் கிடைக்குதுன்னா யாரு விடுவா? அஞ்சாம் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவர், திண்டுக்கல் வந்து ரயில் ஏறிட்டார். 1980-ல் ஹவில்தாரா பென்ஷனோட திரும்பி வந்தார்.

அவரோட டிஸ்சார்ஜ் புக்கை நான் முதல் தடவையா முழுசாப் படிச்சது மூணு வருஷத்துக்கு முன்னதான். ராணுவ பென்ஷனை எல்லாம் 'ஸ்பார்ஷ்'ங்கிற கணினி முறைக்கு மாத்தினாங்க இல்லையா, அதுல விவரம் சரிபார்க்கணும்னு புக்கைக் கொண்டு வந்து என் கையில கொடுத்தார். முதல் பக்கத்துல மெட்ராஸ் மாநிலம், மதுரை மாவட்டம், திண்டுக்கல் தாலுகான்னு இருந்துச்சு. அது தப்பில்லை. நம்ம மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வந்தது 1969 ஜனவரியில. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985 செப்டம்பர்ல. அவர் சேர்ந்த நாள்ல அந்த ரெண்டுமே இல்லை. பழைய காகிதத்தைப் படிக்கும்போது இதையெல்லாம் மனசுல வச்சுக்கணும்.

தப்பு உள்பக்கத்துல இருந்துச்சு. கல்வித் தகுதிங்கிற இடத்துல 'ஐந்தாம் வகுப்பு'. பதக்கங்கள்ங்கிற இடத்துல சங்கிராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், ஒன்பது வருஷ நீண்ட சேவை மெடல். அவ்வளவுதான்.

"சித்தப்பா, நீங்க 71 சண்டையில சகர்கர் பக்கம் இருந்தேன்னு சொல்லுவீங்களே, அதுக்கு ஸ்டார் எங்க?"ன்னு கேட்டேன்.

"அது கெடக்குது விடுப்பா. மேல இருக்கிற வரியைப் பாரு"ன்னு சொல்லிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சான்றிதழை எடுத்தார். மடிப்புல கிழிஞ்சு, செல்லோடேப் மஞ்சளாகிப் போன காகிதம். 1974-ல் ராணுவத்துக்குள்ளேயே பரீட்சை எழுதி வாங்கின 'இந்திய ராணுவச் சிறப்புக் கல்விச் சான்றிதழ்'. மத்திய அரசு வேலைக்கு அது மெட்ரிகுலேஷனுக்குச் சமம்.

அந்தக் காலத்துப் பட்டாளம் ஒரு பள்ளிக்கூடமும்தான். எழுத்தறிவு குறைஞ்சு வர்ற சிப்பாயை உட்கார வச்சு, மூணாம் வகுப்புச் சான்றிதழ், ரெண்டாம் வகுப்பு, முதல் வகுப்புன்னு படிப்படியா ஏத்துவாங்க. இங்க மூணாவதுங்கிறது கீழ்ப்படி. மேல்படி அந்தச் சிறப்புச் சான்றிதழ். பதவி உயர்வுக்கும் இந்தப் படிப்பு வேணும். சித்தப்பா இன்னைக்கும் இந்தியை இங்கிலீஷ் எழுத்துலதான் எழுதுவார். ரோமன் எழுத்துல இந்தி கத்துக்கிட்ட தலைமுறை அது. பகல்ல பரேடு, ராத்திரி அரிக்கேன் விளக்குல கணக்குன்னு படிச்சேன்னு சொல்லுவார்.

அப்படிப் படிச்சது ஏன் புக்குல ஏறலை? அதைப் புரிஞ்சுக்க ராணுவத்துல எழுத்து வேலை எப்படி நடக்குதுன்னு தெரியணும். ஒரு சிப்பாய் கல்யாணம் பண்ணினாலும், பிள்ளை பிறந்தாலும், பரீட்சை பாஸ் பண்ணினாலும், அவரோட யூனிட் கிளார்க் அதை 'பார்ட் டூ ஆர்டர்'னு ஒரு ஆணையா வெளியிடணும். அது அந்தப் படைப்பிரிவோட ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும். அங்க அவரோட 'ஷீட் ரோல்'ங்கிற தாள்ல பதிவாகும். ஆள் ஓய்வு பெறும்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக்கை எழுதுவாங்க. நடுவுல ஒரு ஆர்டர் போய்ச் சேரலைன்னா அந்தக் காரியம் நடக்கவே இல்லைன்னு அர்த்தம். பரீட்சை முடிஞ்ச கொஞ்ச நாள்லயே சித்தப்பாவை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. அந்த மாற்றல்ல ஆர்டர் எங்கேயோ நின்னு போச்சுன்னு நினைக்கிறோம். எந்த ரெஜிமெண்ட், எந்த ஆபீஸ்னு நான் சொல்லப் போறதில்லை. லட்சக்கணக்கான பேருக்குக் கையால எழுதின காலம். எங்கேயும் நடக்கும்.

ஆனா அந்த ஒரு வரிக்கு விலை இருந்துச்சு. ராணுவத்துல இருந்து 35, 36 வயசுல வெளிய வர்றவங்களுக்கு அரசு வேலையில இட ஒதுக்கீடு உண்டு. அரசு வங்கிகள்ல எழுத்தர் மாதிரி குரூப் சி வேலையில நூத்துக்குப் பதினாலரை, கடைநிலை வேலையில இருபத்தி நாலரை. 1981-ல் ஒரு வங்கியில எழுத்தர் வேலைக்கு சித்தப்பா சான்றிதழோட போனார். "உங்க டிஸ்சார்ஜ் புக்குல அஞ்சாம் கிளாஸ்னு இருக்கு, ரெக்கார்டு ஆபீஸ்ல இருந்து கடிதம் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. எழுதிப் போட்டார். அஞ்சு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு: எங்கள் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. அதுக்குள்ள வேலையும் போயிருச்சு. சான்றிதழைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு, வேடசந்தூர் ரோட்டுல ஒரு நூல் மில்லுல வாட்ச்மேனாப் போனார். 22 வருஷம் அந்த கேட்டுல நின்னார்.

இன்னொண்ணும் இருக்கு. 1986-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. மெட்ரிகுலேஷனோ, ராணுவத்தோட அந்தச் சிறப்புச் சான்றிதழோ வச்சிருந்து, 15 வருஷத்துக்குக் குறையாம பணி செஞ்ச முன்னாள் படைவீரர், பட்டப்படிப்பு கேட்கிற குரூப் சி வேலைகளுக்கும் தகுதியானவர்னு. சித்தப்பா 17 வருஷம். அந்த ஒரு வரி மட்டும் புக்குல இருந்திருந்தா அவர் பட்டதாரிக்குச் சமமா நின்னிருப்பார். இதை நான் படிச்சுச் சொன்னப்பதான் அவருக்கே தெரிஞ்சது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மாட்டை மாத்திக் கட்டப் போயிட்டார்.

இந்தக் கோபத்துலதான் நான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைன்னு தெரிஞ்சது.

1962 அக்டோபர்ல லடாக்கில பாங்காங் ஏரிக்கு வடக்கே சிரிஜாப் காவல் நிலையில நின்னவர் மேஜர் தன் சிங் தாப்பா. அந்த நிலை வீழ்ந்ததும் அவர் இறந்துட்டார்னு கணக்கு எழுதி, மறைவுக்குப் பின் தர்ற விருதா பரம்வீர் சக்ரா அறிவிச்சாங்க. மனுஷன் சீனாக்காரன்கிட்ட போர்க் கைதியா உயிரோட இருந்தார். 1963 மே மாசம் விடுதலையாகி வந்த பிறகுதான் விருதுப் பதிவைத் திருத்தினாங்க.

1999 கார்கில் சண்டையில டைகர் மலையில ஏறின யோகேந்திர சிங் யாதவுக்கும் அதே கதை. மறைவுக்குப் பின்னு பரம்வீர் சக்ரா அறிவிச்சாங்க. 19 வயசுப் பையன், உடம்பெல்லாம் குண்டுக் காயத்தோட ஆஸ்பத்திரியில கிடந்தான். இறந்து போனது அதே பேர் கொண்ட இன்னொரு வீரர். நம்ம ஊர்ல ஒரே தெருவுல நாலு முருகேசன், அஞ்சு பழனிச்சாமி. இனிஷியலை ஒரு எழுத்து மாத்தி எழுதினாப் போதும், ஒருத்தர் சேவை இன்னொருத்தர் கணக்குல ஏறிடும்.

சிப்பாய்க்கு மட்டுமா? தரைப்படைத் தளபதியா இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்குப் பிறந்த வருஷத்துலயே தகராறு. மெட்ரிகுலேஷன் சான்றிதழ்ல 1951. பள்ளிப் பருவத்துல ராணுவ அகாடமிக்குப் பூர்த்தி செஞ்ச விண்ணப்பத்துல 1950. ஒரே தலைமையகத்துல ஒரு பிரிவு 1951-னு வச்சிருந்துச்சு, இன்னொரு பிரிவு 1950-னு வச்சிருந்துச்சு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2012 பிப்ரவரியில வழக்கைத் திரும்பப் பெற்று, 1950 கணக்குப்படி அந்த மே மாசம் ஓய்வு பெற்றார். தளபதிக்கே இந்தப் பாடுன்னா, திண்டுக்கல் ஹவில்தார் எந்த மூலைக்கு?

காகிதமே இல்லாமப் போனவங்க கதை இதைவிட மோசம். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்துல 1973 ஜூலை 12-ல் தீப்பிடிச்சு, 1 கோடியே 60 லட்சத்துல இருந்து 1 கோடியே 80 லட்சம் படைவீரர்களோட கோப்பு எரிஞ்சு போச்சு. அங்க பழைய சிப்பாய்கள் சம்பளச் சீட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் வச்சுத் தங்கள் சேவையை நிரூபிக்க வேண்டியதாப் போச்சு. நம்ம நாட்டுல தீயே வேண்டாம், விதியே இருக்கு. பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்களோட ஆவணங்களை 25 வருஷம் கழிச்சு அழிச்சிடலாம். 'லாங் ரோல்'னு ஒரு பேரேடு மட்டும்தான் மிஞ்சும்.

இன்னும் பின்னாடி போனா, முதல் உலகப் போர்ல செத்தவங்க. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல் அதுவே ஒரு அறிக்கையில ஒத்துக்கிச்சு: குறைஞ்சது 1,16,000 பேர், ஒருவேளை மூணரை லட்சம் பேர் வரைக்கும், பேர் பொறிக்கப்படாமலோ நினைவே கூரப்படாமலோ விடப்பட்டிருக்காங்க. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்தைச் சேர்ந்தவங்க. தமிழ்நாட்டுல பல ஊர்ல ஒரு கல்வெட்டு பார்த்திருப்பீங்க. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்னு. எண்ணிக்கை இருக்கும், பேர் இருக்காது.

இதையெல்லாம் படிச்ச பிறகு சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டு திண்டுக்கல்ல மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்க இருந்தவர் பொறுமையாக் கேட்டார். "கல்விக்கு ஒரு மனு, மெடலுக்குத் தனியா ஒரு மனு. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க, ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நின்னுரும்"னு சொன்னார். நல்ல யோசனை. டிஸ்சார்ஜ் புக் நகல், பென்ஷன் ஆணை நகல், சான்றிதழ் நகல், நோட்டரி கையெழுத்தோட உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் வச்சு அனுப்பினோம். பதில் வரலைன்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஷீட் ரோல் நகல் கேட்டோம். அதுக்கும் மேல போகணும்னா 2009-ல் இருந்து ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கு, அதோட அமர்வு சென்னையிலேயே இருக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டி வரலை.

செவ்வாய்க்கிழமை வந்தது கல்விக்கான பதில். சான்றிதழ் சரிபார்க்கப்பட்டு, ஷீட் ரோலில் பதிவு செய்யப்பட்டதுன்னு நாலு வரி. சித்தப்பா என்னை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் சிரிச்சார்.

"இப்ப எந்த பேங்க்குலடா எனக்கு வேலை போட்டுத் தரப் போறான்?"

எனக்குச் சிரிப்பு வரலை. வயசு எண்பதைத் தொடப் போகுது அவருக்கு. அந்த வரி 1974-லயே ஏறியிருந்தா, அவர் பிள்ளைங்க ரெண்டும் பத்தாவதோட நின்னிருக்காது. இதைத் திருத்துறதுக்கு எந்த ஆபீஸ்லயும் மனு கிடையாது. ஆனா மறுநாள் காலையில வேடசந்தூர் போய் அந்தக் கடிதத்தை லேமினேஷன் பண்ணிட்டு வந்தார். ரெண்டு நகல். ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு பேத்திக்கு.

மெடல் மனு இன்னும் நிக்குது. 71 சண்டையில மேற்கு முனையில நின்னவங்களுக்கு பச்சிமி ஸ்டார், கிழக்கு முனையில நின்னவங்களுக்கு பூர்வி ஸ்டார். சித்தப்பா மேற்குல இருந்ததுக்கு ஆதாரம் கேட்கிறாங்க. அவர் கம்பெனியிலேயே இருந்த ஒருத்தர் நிலக்கோட்டைப் பக்கம். இறந்துட்டார். அவர் வீட்டம்மா பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில இருந்து அவரோட டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக் கொடுத்தாங்க. அதுல பச்சிமி ஸ்டார் இருக்கு. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வச்சு அனுப்பியிருக்கோம். இந்த ஸ்டாருக்குப் பணம் காசு எதுவும் கிடையாது. இருந்தாலும் அவர் அங்க நின்னார், அது எழுத்துல இருக்கணும். பதில் வந்தா சொல்றேன்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தாத்தாவோ பெரியப்பாவோ பட்டாளத்துல இருந்திருந்தா, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவரோட டிஸ்சார்ஜ் புக்கை வாங்கி ஒரு தடவை படிங்க. பேரு, பிறந்த தேதி, மனைவி பேரு, படிப்பு, பதக்கம்னு வரி வரியா அவர்கிட்டயே கேட்டுச் சரிபாருங்க. அவர் பக்கத்துல இருக்கும்போதே கேளுங்க. கூட நின்னவர் யாரு, எந்த ஊருன்னு தனியா எழுதி வச்சுக்குங்க, அதுதான் கடைசியில சாட்சி.

திருகல் நோய் அடுத்த வாரம். வேப்பம் புண்ணாக்கு கரைச்சு ஊத்தியிருக்கேன், கேட்குதான்னு பார்ப்போம்.