காவலும் கணக்கும்

ஊரைக் காப்பவர் யார், அதற்குப் பொருள் தருபவர் யார் என்னும் வினா அரியலூர், பெரம்பலூர் மண்ணுக்குப் புதிதன்று. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட சோழர்காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' ஒரு வரியாகவே குறிக்கப்படுகிறது. பிற்காலத்தில் காவலுரிமை அரியலூர் மழவராயர், உடையார்பாளையத்தார் கைக்குச் சென்றது. களவுபோன பொருளை மீட்டல், இயலாவிடில் ஈடு செய்தல்: இதுவே தமிழகக் காவல்முறையின் உயிர். காவற்கூலியே கொள்ளையாக மாறிய இடங்களும் உண்டு.

கும்பினியார் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதியால் காவலைக் கலெக்டர், தாசில்தார், ஊர்த்தலைவர் வசமாக்கினர். 1859ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளப் போலீஸ் படையை நிறுவியது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் போலீஸ் செலவை நகர நிதியின்மீது சுமத்தியது. படையை ஆளும் உரிமையையோ அரசே வைத்துக்கொண்டது.

1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகர மன்றங்களுக்குக் குறித்த 18 பணிகளுள் தெருவிளக்கு உண்டு; காவல் இல்லை. அரியலூர், பெரம்பலூர் நகராட்சிகள் தெருவுக்கு ஒளி தரலாம். அத்தெருவின் காவலுக்கு ஆணையிட இயலாது. கொள்ளையான கூலி ஒழிந்தது நன்றே. ஆயின் ஈடுசெய்யும் கடமையும் உடன் ஒழிந்தபோது, காவலிடம் கணக்குக் கேட்கும் ஊரின் குரலும் அடங்கிற்று.