எண்ணூரின் சாம்பலும் சமத்துவ உரிமையும்

வடசென்னையின் சுற்றுச்சூழல் வழக்குகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு முரண் புலப்படும். நீதிமன்றங்கள் பலமுறை மக்கள் பக்கம் நின்றிருக்கின்றன. ஆனால் எண்ணூர்க் கடற்கரையின் சுமை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. தீர்ப்புகளை அதிகாரிகள் நிறைவேற்றுவதில்லை என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதை மறுப்பதற்கில்லை. எனினும், உத்தரவு அப்படியே நிறைவேறிய இடத்திலும் சுமை ஊர் மாறியது எப்படி என்பதை அந்தக் காரணம் விளக்காது. இவ்வழக்குகள் பெரும்பாலும் அரசமைப்பின் 21ஆவது உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையின் வழியே நடந்தவை. காற்றும் நீரும் எவ்வளவு கெட்டன என்று அவை கேட்டன. நகரம் முழுவதும் பயன்பெறும் தொழில்களின் தீங்கை ஏன் ஒரு பகுதி மட்டும் தாங்க வேண்டும் என்ற கேள்வி 14ஆவது உறுப்பின் சமத்துவக் கேள்வி. அது அவற்றில் மையம் பெறவில்லை. அதைச் சட்டமொழியில் வடித்ததும் பிறகு பாதி இழந்ததும் அமெரிக்கக் குடிமை உரிமை வரலாறு. அதன் வெற்றி, தோல்வி இரண்டிலும் எண்ணூருக்குப் பாடம் உண்டு.

முதலில் சான்றுகள். நிலக்கரி, இரும்புத்தாது ஆகிய தூசு எழுப்பும் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளுவதை நிறுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 மே மாதம் உத்தரவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. துறைமுகத்தை அடுத்துள்ள இராயபுரத்து மக்களுக்கு அது மெய்யான விடுதலை. ஆனால் நிலக்கரி மறைந்துவிடவில்லை. 2001இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அங்கே ஏற்கெனவே 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையமும், 1990களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையமும் இருந்தன. பின்னர் வடசென்னை நிலையம் 1,830 மெகாவாட்டாக வளர்ந்தது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் எழுந்தது. பக்கத்து மணலியோ, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்டவை என வகைப்படுத்திய 43 தொழிற்பகுதிகளுள் ஒன்று. குழாய்களில் கசிந்த சாம்பல் குழம்பு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தூர்த்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதற்குத் தமிழ்நாடு மின்உற்பத்திக் கழகத்தைப் பொறுப்பாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரின் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. ஒவ்வொன்றும் தனித்தனி விபத்தாக, தனித்தனி வழக்காக விசாரணைக்கு வந்தது. இவ்வழக்குகளில் கூட்டுத்தொகை மையக் கேள்வியாகவில்லை.

இந்தக் கூட்டுத்தொகையைப் பற்றிப் பேசுவதற்கான கருவி, பொருத்தமாகவே, ஒரு நிலக்கரி மின்நிலையத்தில் பிறந்தது. வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்கள் கூலிப் பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தனர். அப்பிரிவின் மிக உயர்ந்த ஊதியம் மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த ஊதியத்தைவிடக் குறைவு. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் மற்றப் பிரிவுகளில் சேர, பள்ளிச் சான்றிதழோடு திறனறித் தேர்வுகளையும் நிறுவனம் நிபந்தனையாக்கியது. நிபந்தனை எல்லாருக்கும் பொது. விளைவு ஒரு சாராருக்கு மட்டும். 1971இல் கிரிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, நோக்கத்தை மட்டுமல்ல, விளைவையும் பார்க்க வேண்டும் என்றது. வேலைக்கு உண்மையில் தேவைப்படாத நிபந்தனை, பொதுவானதாகத் தோன்றினாலும், பாகுபாடே என்று முடிவு செய்தது. 2014இல் அதே டான் ரிவர் நிலையத்தின் சாம்பல் குட்டைக்கு அடியில் சென்ற குழாய் உடைந்து, ஏறத்தாழ 39,000 டன் சாம்பல் ஆற்றில் கலந்தது. வேலையில் சமத்துவம் வழங்கிய சட்டம் சாம்பலின் பங்கீட்டில் என்ன செய்தது என்பது அடுத்த கேள்வி.

விடை ஏமாற்றமளிப்பது. அரசமைப்பு உரிமையின் கீழ் வழக்காடுவோர் பாகுபாட்டு நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1976இல் வாஷிங்டன் எதிர் டேவிஸ் வழக்கு வரம்பிட்டது. எஞ்சியிருந்த வழி, அரசு நிதி பெறும் அமைப்புகளின் பாகுபாட்டைத் தடுக்கும், அதே குடிமை உரிமைச் சட்டத்தின் மற்றொரு பகுதி. நியூஜெர்சியில் கேம்டன் துறைமுக நகரின் ஏழைப் பகுதி மக்கள் அவ்வழியே சென்றனர். கழிவுநீர் நிலையமும் குப்பை எரிப்பு உலையும் ஏற்கெனவே சூழ்ந்திருந்த அவ்விடத்தில் சிமென்ட் ஆலைக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. காற்றுத் தர அளவுகோலை ஆலை நிறைவு செய்கிறது என்பது மட்டும் போதாது என்று கூறி, 2001 ஏப்ரல் 19 அன்று மாவட்ட நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்தே நாளில் சாண்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம், விளைவை மட்டும் காட்டித் தனியார் இவ்வகை வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கேம்டன் தடையும் வீழ்ந்தது. சுற்றுச்சூழல் நீதிக்காக 1994இல் கிளின்டன் பிறப்பித்த நிர்வாக ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்தார். ஆனால் அதே நியூஜெர்சி 2020இல் ஒரு மாநிலச் சட்டம் இயற்றியது: ஏற்கெனவே சுமை மிகுந்த பகுதியில், புதிய ஆலை ஒட்டுமொத்தச் சுமையை மற்றப் பகுதிகளைவிட மிகுதியாக்குமானால் அனுமதி மறுக்கப்பட வேண்டும், தவிர்க்க முடியாத பொதுநலன் மட்டுமே விலக்கு. நீதிபதிகள் எடுத்துக்கொண்டதைச் சட்டமன்றம் மீட்டுத் தந்தது.

இந்தியாவில் இந்தக் கருவிக்கான அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. இராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், நோக்கமின்றி விளைவால் நேரும் மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தை ஏற்றது. கிரிக்ஸ் தீர்ப்பையும் அதில் விரிவாக ஆராய்ந்தது. 2024இல் ரஞ்சித்சிங் வழக்கில் பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை 21ஆவது உறுப்போடு 14ஆவது உறுப்பிலும் கண்டது. இவ்விரண்டையும் இணைத்தால், எண்ணூரின் காட்டுக்குப்பத்து மீனவர் யாருடைய வஞ்சகத்தையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சுமை ஒரே பக்கம் குவிந்திருப்பதை அவர் காட்டினால் போதும். வேறு வழியே இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசைச் சேரும்.

மறுப்புகள் மூன்றும் வலுவானவை. ஒன்று, அமெரிக்க நிறவெறியும் எண்ணூரின் நிலையும் ஒன்றல்ல. வசிக்கும் இடம் 15ஆவது உறுப்பின் பட்டியலிலும் இல்லை. உண்மை, அதனால்தான் 14ஆவது உறுப்பு தேவைப்படுகிறது. அதற்குப் பட்டியல் இல்லை. தன்னிச்சையான அரசுச் செயல் எதையும் அது தடுக்கும். இரண்டு, ஆழமான கடலும் குளிர்விக்கும் நீரும் இருக்கும் இடத்தில்தான் இத்தொழில்கள் அமைய முடியும். முதல் நிலையத்துக்கு அது நல்ல விடை. அடுத்தடுத்து வருபவற்றுக்கு, முன்னதன் இருப்பே பின்னதற்கு நியாயமாகிவிடுகிறது. கேள்வி எழ வேண்டிய இடமும் அதுவே. மூன்று, மாநிலத்துக்கு மின்சாரம் வேண்டும், இப்பகுதி மக்களுக்கு வேலை வேண்டும். மாநிலம் முழுவதும் பயன்பெறுகிறது என்பது சுமையையும் பகிர வேண்டும் என்பதற்கே சான்று. வேலையைப் பொறுத்தவரை, கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்களின் தொழில் அழிவையும் அதே கணக்கில் எழுத வேண்டும். மேலும், கிரிக்ஸ் அளவுகோல் தொழிலைத் தடுப்பதில்லை. அதன் தேவையை மெய்ப்பிக்கச் சொல்கிறது.

சாண்டோவல் தரும் எச்சரிக்கை, தீர்ப்பில் மட்டும் வாழும் உரிமை மற்றொரு தீர்ப்பில் சாகக்கூடும் என்பது. எனவே தமிழ்நாடு இதைச் சட்டமாக எழுத வேண்டும். நிலப் பயன்பாட்டு அதிகாரம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஐ எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டத்தில் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளின் ஒட்டுமொத்த மாசுச் சுமையை அளந்து வெளியிட வேண்டும். உச்சவரம்பைத் தாண்டிய இடத்தில் புதிய அனுமதியை மறுக்கும் கடமையைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அது நடக்கும்வரை, இனி வரும் ஒவ்வொரு எண்ணூர் வழக்கிலும் 21ஆவது உறுப்போடு 14ஆவது உறுப்பையும் சேர்த்து வாதிடுவது வழக்கறிஞர்களின் பொறுப்பு.