பேதி இலையும் குடல்வாசிகளும்

வேம்பார் என்றதும் வரலாறு எழுதுகிறவர்களுக்கு முத்துதான் நினைவுக்கு வரும். பரதவரின் ஏழு கடல்துறைகளில் வடகோடியில் இருப்பது அது. 1530களில் போர்ச்சுக்கீசியர் இங்கே கால் பதித்ததும், 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனதும் முத்துச்சிப்பியை வைத்தே சொல்லப்படுகின்றன. ஆனால் முத்துக்குளிப்பை நம்பி ஆண்டுக்கணக்குப் போட முடியாது; கடலடிப் பாரில் சிப்பி விளைந்தால் உண்டு, இல்லையென்றால் பல ஆண்டுகள் வெறுங்கடல். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்போடு அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. இதே கரைக்குப் பின்னால் விரியும் மானாவாரி நிலங்களிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய ஒரு சரக்குக்கு இத்தகைய ஏற்ற இறக்கம் இல்லை. உலகத்தார் வயிற்றைக் கழுவும் சரக்கு அது. நிலாவாரை, உழவர் வழக்கில் அவுரி. வெளிநாட்டு மருந்து நூல்களில் 'திருநெல்வேலி சென்னா'.

அரபு நாட்டுச் செடி இது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் திருநெல்வேலிச் சீமையில் இதை நல்ல தரத்தில் பயிரிட்டுக் காட்டியபின், எகிப்து வழியாக வந்த அலெக்சாந்திரியா இலைக்குப் போட்டியாக நம் இலை நின்றது. அதிகத் தண்ணீர் கேட்காது. ஆடு மாடு விரும்பிக் கடிக்காது. இலையைப் பறித்து, பச்சை வெளுக்காமல் உலர்த்தி, அழுத்திக் கட்டி அனுப்பினார்கள். சாத்தான்குளம் பக்கம் இன்றும் விளைகிறது. வாங்க வெளிநாட்டான் இருந்தான். ஆனால் பேதியின் மதிப்பை நமக்கு அவன் கற்றுத்தரவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்க வேண்டும் என்பது சித்த மருத்துவ விதி. பிள்ளைகளை மடியில் கிடத்தி விளக்கெண்ணெய் புகட்டாத வீடு தெற்கே அரிது. குடலில் தங்குவது அழுக்கு, அழுக்கு போனால் நோய் போகும் என்பதே இந்த வழக்கத்தின் கணக்கு. ஐரோப்பிய மருத்துவரும் நெடுங்காலம் அதே கணக்கைத்தான் போட்டார்கள்.

அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதற்கு இலையே சாட்சி. நிலாவாரையின் வீரியமான சென்னோசைடு, விழுங்கிய நிலையில் பேதியாக்காது. சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு வந்தபின் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரையை வெட்டி, வேறொரு பொருளாக மாற்றிய பிறகுதான் குடல் இளகுகிறது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிடம் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது அந்த மாற்றம் நிகழவில்லை. அழுக்கு என்று எவற்றை வெளியேற்ற நினைத்தோமோ, அவற்றின் உழைப்பில்தான் இத்தனை காலமும் மருந்து வேலை செய்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்தவர்களோ, வாங்கி விழுங்கியவர்களோ இதை அறிந்திருக்க வழியில்லை.

சுத்தம் பற்றிய இந்த நம்பிக்கை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. கொடையாளரின் அணுக்கள் புதிய உடலை அந்நியமாகக் கண்டு தாக்குவதை ஜி.வி.எச்.டி. என்பார்கள், குடல் அதற்கு முக்கியமான இலக்கு. 1974இல் நெதர்லாந்தில் வான் பெக்கும் குழுவினர், குடலில் கிருமி நீக்கிய எலிகளுக்கு இந்த நோய் குறைவாக வருவதைக் காட்டினார்கள். அதைப் பின்பற்றி, நோயாளியின் குடலை ஆன்டிபயாட்டிக்கால் துடைப்பது பல மருத்துவமனைகளில் நடைமுறையானது. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தின் நவீன வடிவம் என்றே அதைச் சொல்வேன். மும்பை டாடா மருத்துவமனையில் 1983இலும் வேலூர் சி.எம்.சி.யில் 1986இலும் மஜ்ஜை மாற்று தொடங்கிய காலம் இதுதான். ஆனால் 2020இல் நியூயார்க், டர்ஹாம், ரீகன்ஸ்பர்க், சப்போரோ ஆகிய நான்கு இடங்களில் 1,362 நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்தபோது, குடல் நுண்ணுயிர்களின் வகை குறையக் குறைய இறப்பு கூடியது தெரிந்தது. எலியைக் கண்ணாடிக் கூண்டில் முழுக்கத் துடைத்துவிடலாம். மனிதரைத் துடைக்கப் போனால் சாதுவான குடிகள் போய், முரட்டுக் கிருமி ஒன்றே மிஞ்சுகிறது. எலிச் சோதனை பொய்யல்ல. அதை மருத்துவமனைக் கட்டிலுக்குக் கொண்டுவந்த விதம்தான் பிழை.

போனதைத் திரும்ப வைக்கும் முயற்சி மலமாற்று சிகிச்சை. நான்காம் நூற்றாண்டுச் சீனத்தில் கே ஹோங் இதைக் குறித்து வைத்தார். 1958இல் டென்வரில் ஐஸ்மன் நான்கு பேருக்குச் செய்தார். வெறுமையாக்குவதா, நிரப்புவதா என்ற கேள்விக்குத் தெளிவான எண்ணிக்கை கிடைத்தது 2013இல், நெதர்லாந்துச் சோதனையில். மீண்டும் மீண்டும் வரும் குளோஸ்ட்ரிடியம் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக்கோடு குடலையும் கழுவியதில் 13 பேரில் 3 பேருக்குத்தான் குணம். அதே கழுவலுக்குப் பின் ஆரோக்கியமானவரின் மலக்கரைசலை ஒரே தடவை செலுத்தியதில் 16 பேரில் 13 பேருக்குக் குணம். கழுவியது இரு தரப்புக்கும் பொது. வித்தியாசம் நிரப்பியதில் இருந்தது. மஜ்ஜை மாற்றுக்குப் பின் குடலைத் தாக்கிய ஜி.வி.எச்.டி.க்கு இதே வழியை 2016இல் ஜப்பானில் நான்கு பேரிடம் முயன்றார்கள். மூவருக்கு நோய் முழுதாக அடங்கியது, ஒருவருக்கு ஓரளவு.

நான்கு பேரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்டால், கட்டக்கூடாது. அதன்பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. ஸ்டீராய்டு, பிற மருந்துகள், உணவு எல்லாம் கூடவே மாறுவதால் நலத்துக்கு மலம்தான் காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். இதைவிடக் கனமான ஆட்சேபம் 2019இல் எழுந்தது. அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் மலத்திலிருந்து, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை இருவரின் இரத்தத்தில் புகுந்தது. மஜ்ஜை மாற்று செய்துகொண்ட ஒருவர் இறந்தார். எதிர்ப்புச் சக்தி அற்ற உடலில் பிறர் குடல்வாசிகளைக் குடியேற்றுவது சூதாட்டம் என்று சொன்னவர்களுக்கு அது வலுவான சான்று. ஆனாலும் அச்சான்று குறை சொல்வது கொடையாளரைச் சோதித்த முறையை. நிரப்ப வேண்டும் என்ற கருத்தை அது தொடவில்லை. நமக்கு அந்தச் சோதனை இன்னும் கடினம். 2010இல் உலகம் பேசிய என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு சென்னை நோயாளிகளின் கிருமிகளிலும் கண்டறியப்பட்டது. நோயே இல்லாதவர் குடலிலும் இத்தகைய கிருமிகள் சும்மா தங்கியிருக்கும். எனவே நம் ஊரில் ஒருவர் திடமாக நடமாடுகிறார், வயிற்றில் தொந்தரவு இல்லை என்பதை மட்டும் வைத்து அவரைக் கொடையாளர் ஆக்கிவிட முடியாது. அவர் மலத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்த்துத்தான் அவரை ஏற்க வேண்டும்.