ஓலைக்கட்டும் பத்திரப்பெட்டியும்

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சொத்துரிமையைக் காட்டும் மூல எழுத்து பெரும்பாலும் உரியவரின் வீட்டிலேயே காக்கப்பட்டு வந்தது. அந்தக் காவலில் தவறாத குடும்பமே வழக்கு வந்தபோது நிலைத்து நின்றது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரைத் தம் அடிமை என்று வாதிடும் முதியவர் ஆளோலை ஒன்றைக் கொண்டுவருகிறார். ஆளோலை என்பது ஒருவர் தம்மையும் தம் வழியினரையும் அடிமையாக எழுதித் தரும் முறி. சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தும் வழக்கு அழியவில்லை. கிழிந்தது படியோலைதான், மூலவோலை தம்மிடம் இருக்கிறது என்று முதியவர் கூற, திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அந்த மூலத்தை வாங்கிப் படித்து, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்ட பின்னரே தீர்ப்பளிக்கின்றனர். படியை வெளியே எடுத்துச் செல்வதும், மூலத்தைக் காப்பில் வைப்பதும், ஒப்புநோக்கப் பழைய கையெழுத்தைச் சேமிப்பதும் அக்காலத்தவர்க்குப் பழகிய நடைமுறைகளாக இருந்திராவிட்டால், இக்கதை இவ்வளவு இயல்பாக அமைந்திராது.

பனையோலையைக் காப்பது ஓயாத வேலை. எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் தெளிவாகத் தெரியாது. கரியையும் இலைச்சாற்றையும் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்கும். மையாடுதல் எனப்படும் இவ்வேலையை, எழுத்து மங்கும்போதெல்லாம் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. ஏடுகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, இரு மரச்சட்டங்களுக்கு இடையே இறுக்கிக் கட்டி, கரையானும் இராமபாணப் பூச்சியும் அண்டாதபடி வசம்பு வைத்தனர். அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றி வைத்த வீடுகளும் உண்டு. ஓலை நொறுங்கத் தொடங்கினால் புதிய ஏட்டில் படியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வாறு காக்கப்பட்ட குடும்ப ஆவணங்களுள் நாஞ்சில் நாட்டின் அழகியபாண்டிபுரத்தைச் சேர்ந்த முதலியார் ஓலைகள் தனிச்சிறப்புடையவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்து வெளிப்படுத்திய, பின்னர் அ. கா. பெருமாள் பதிப்பித்த இவ்வோலைகளில் நிலம், வரி, அடிமை விற்பனை முதலிய செய்திகள் கிடைக்கின்றன. அரசவரலாறு சொல்லாத பலவற்றை ஒரு வீட்டின் ஓலைக்கட்டு சொல்கிறது என்பது பெரிய பேறு. ஆயினும் அடிமை ஓலை வாங்கியவரின் வீட்டில்தான் இருந்தது. விற்கப்பட்டவரின் குடிசையில் அவரைக் குறித்த எழுத்து எதுவும் இல்லை. ஆவணக் காவலின் வரலாற்றை எழுதும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடுதல் தகாது.

காகிதமும் முத்திரைத்தாளும் பரவிய பின், 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கி 1908ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற பதிவுமுறை, மூலம் இருக்கும் இடத்தை மாற்றவில்லை. சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் நகல் ஏறும். மூலப்பத்திரம் முத்திரையும் சான்றெழுத்தும் பெற்று வீட்டுக்குத் திரும்பும். 30 ஆண்டு பழமையான ஆவணம் உரிய காவலிலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானதென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். நிலத்தை நெடுங்காலம் அனுபவித்து வருபவர் அதன் பத்திரத்தைத் தம்மிடமே வைத்திருப்பது உரிய காவலுக்கு எடுத்துக்காட்டாக அச்சட்டத்திலேயே இடம்பெற்றது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, சென்னை போன்ற சில நகரங்களில் உரிமைப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தே அடமானம் வைக்க இடமளித்தது. டிரங்குப் பெட்டியில் நீளவாக்கில் மடிந்து, மடிப்புக்கோட்டில் இற்றுப்போயிருந்த தாளின் மதிப்பை இச்சட்டங்கள் பெரிதும் உயர்த்தின.

தற்போதைய பத்திரத்துக்கு முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரத்தையும், பட்டாவையும், சொத்தின் மீதுள்ள பதிவுகளைக் கூறும் வில்லங்கச் சான்றையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் பழக்கம் இதன் தொடர்ச்சியே. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் புதிய பத்திரம் பதியப்படும் என்ற விதியைத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்தபோது, மூலத்தைத் தொலைத்தவர்கள், அது கிடைக்கவில்லை என்னும் காவல்துறைச் சான்றுக்கு அலைய நேர்ந்தது. அவ்விதி 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆனால் பதிவுக்கு முன் சொத்தை ஆராயும் வழக்கறிஞர்களும் கடன் தரும் வங்கிகளும் மூலத்தை நேரில் பார்க்கக் கேட்கும் வழக்கம் அந்த விதிக்கும் மூத்தது.