நாவலாசிரியரின் வாசிப்பு நேரம்

நாவல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தம் மனநிறைவுக்காகப் பிறர் நூல்களைப் படிப்பது அவருடைய விருப்பத்தை மட்டும் பொறுத்தது என்று தோன்றினாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரையிலான இங்கிலாந்தின் இலக்கிய வரலாற்றை நோக்கினால், அதற்கான நேரத்தைப் பதிப்பு வணிகமும் வருமானமுமே பெருமளவு தீர்மானித்தன என்பது புலப்படும்.

அக்காலப்பகுதியின் தொடக்கத்தில் நாவல்கள் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றின் விலை ஒன்றரை கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ், என்பதால் நடுத்தரக் குடும்பங்கள் அவற்றை விலைக்கு வாங்காமல், ஆண்டுச் சந்தா பெற்றுக்கொண்டு நூல்களை இரவல் தரும் தனியார் நூலகங்களை நாடின. 1842-இல் சார்லஸ் எட்வர்டு மூடி தொடங்கிய நூலகம் இவற்றுள் பெரியது. அங்கு ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தியவர் ஒரு நேரத்தில் ஒரு தொகுதியை எடுத்துச் செல்லலாம். ஒரே நாவலை மூன்று சந்தாதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்ததால் நூலகத்துக்கு இந்த வடிவம் ஆதாயமாக இருந்தது. ஆனால் கதையில் சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று தொகுதிகளை நிரப்பியாக வேண்டிய சுமை எழுத்தாளரின் தலையில் விழுந்தது.

இச்சுமையைக் கட்டுப்பாட்டால் வென்றவர் ஆந்தனி டிராலப். அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த அவர், விடியற்காலை 5.30 மணிக்கு எழுதும் மேசைமுன் அமர்ந்துவிடுவார்; அதற்கு முன் காப்பியுடன் தம்மை எழுப்புவதற்கென்றே பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, பின்பு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதி, காலை உணவுக்கு முன் வேலையை முடித்துக்கொள்வது அவரது வழக்கமாயிற்று. அவர் இறந்தபின் 1883-இல் வெளியான தன்வரலாற்றில் இக்கணக்கைப் படித்த பலர் அவரை இயந்திரம் என்று இகழ்ந்தனர். அதே நூலில், பழைய ஆங்கில நாடகங்களைப் படிப்பதே தம் பிற்கால வாசிப்பில் பேரின்பம் என்றும், படித்த நாடகங்களுக்குக் குறிப்பு எழுதிவைப்பது வழக்கம் என்றும் அவர் கூறியிருப்பதை இகழ்ந்தவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. காலைப் பொழுதைக் கடிகாரத்திடம் ஒப்படைத்ததனாலேயே எஞ்சிய நாள் அவருடையதாக இருந்தது.

நிலையான சம்பளம் இல்லாத எழுத்தாளரின் நிலை வேறு. ஜார்ஜ் கிஸ்ஸிங் 1891-இல் வெளியிட்ட 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' என்னும் நாவல், பணத்துக்காக எழுதிப் பிழைக்கும் லண்டன் எழுத்தாளர்களைப் பற்றியது. அதன் நாயகன் எட்வின் ரியர்டன், கிரேக்கக் கவிதையின் யாப்பைப் பற்றி நண்பன் பிஃபனுடன் பேசும்போது மட்டுமே உயிர்பெறுகிறான். மூன்று தொகுதிகளை நிரப்ப மேசைமுன் அமரும்போதோ சொல் வராமல் தவிக்கிறான். இறுதியில் தன் புத்தகங்களையே விற்க நேர்கிறது. எழுத்து வாசிப்பை விழுங்கும் துயரத்தை இத்தனை நேர்மையாகச் சொன்ன வேறு ஆங்கில நாவலைக் காண்பது அரிது. அந்நாவலும் மூன்று தொகுதிகளாகவே வெளிவந்தது என்பதும், அதன் முழு உரிமையைக் கிஸ்ஸிங் 150 பவுண்டுக்கு விற்றார் என்பதும் அத்துயரத்துக்குச் சான்றாகின்றன. 1894-இல் மூடியின் நூலகமும் டபிள்யூ.எச். ஸ்மித் நிறுவனமும் மூன்று தொகுதி நாவல்களுக்கு முன்போல் விலை கொடுக்க மறுத்தன. சில ஆண்டுகளில் அவ்வடிவம் வழக்கொழிந்தது.

அடுத்த தலைமுறையில் வர்ஜீனியா வுல்ஃப் கண்ட வழி, வாசிப்பையே ஊதியம் தரும் வேலையாக்குவது. சகோதரர்கள் கேம்பிரிட்ஜுக்குச் செல்ல, தந்தை லெஸ்லி ஸ்டீபனின் நூலகத்தில் தடையின்றிப் படித்து வளர்ந்த அவர், 1905 முதல் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்' இதழில், அதன் வழக்கப்படி பெயர் குறிப்பிடாமல், மதிப்புரைகள் எழுதினார். படிக்கும்போது பக்கத்தில் குறிப்பேடு இருக்கும். எடுத்தெழுதிய வரிக்கு எதிரே, ஓரத்தில், நூலின் பக்க எண் இருக்கும். இம்முறையில் ஓர் ஆபத்தும் இருந்தது. மதிப்புரைக்கென்று படிப்பது கடமையாகிவிடுவதால், அதிலிருந்து மீளவும் அவர் வேறு நூல்களைத் தேடிச்செல்ல வேண்டியிருந்தது.

வாசிப்புக்கும் எழுத்துக்கும் இடையிலான இழுபறி மிகத் தெளிவாகப் புலப்படுவது 1922-இல். அவ்வாண்டு அவர் பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்டைப் படித்தார். ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலையும் மனம் ஒன்றாமலேயே படித்தார். பின்னர் 'மிசஸ் டாலவே' என்ற நாவலாக வளர்ந்த சிறுகதையை எழுதினார். புரூஸ்ட் தம்முள் எழுதும் வேட்கையைத் தூண்டுவதையும், அவருக்குப் பின் தம்மால் வாக்கியம் அமைக்க இயலாதுபோவதையும் நண்பர் ரோஜர் ஃப்ரைக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். இருப்பினும் வாசிப்பை அவர் ஒதுக்கவில்லை. நாவலை எழுதிய அதே காலத்தில் சாஸரையும் கிரேக்க நாடகங்களையும் படித்து, அவற்றைப் பற்றிய கட்டுரைகளையும் மாறிமாறி எழுதினார். ஒன்று சலித்தபோது மற்றொன்று கைகொடுத்தது. இவ்வாறு உருவான 'தி காமன் ரீடர்' என்ற கட்டுரைத் தொகுப்பு 1925 ஏப்ரல் 23-இலும், நாவல் அதே ஆண்டு மே 14-இலும், அவரும் கணவர் லியனார்டும் 1917-இல் நிறுவிய ஹோகார்த் பதிப்பகத்தின் வழியாகவே வெளிவந்தன. நூலகங்களின் அளவுகோலுக்கு ஏற்ப எழுதவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமல் போனதில் இச்சொந்தப் பதிப்பகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பெண் புனைகதை எழுதுவதற்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் தனி அறையும் வேண்டும் என்று 1929-இல் அவர் வாதிட்டபோது, படிக்கும் நேரத்துக்கான விலையையும் சேர்த்தே கணக்கிட்டார் என்று கொள்வது பொருந்தும்.

கிஸ்ஸிங்கின் நாயகனுக்குக் கிட்டாத ஓய்வை வுல்ஃபுக்குத் தந்தது திறமை மட்டுமன்று. குடும்பச் சொத்தும், சொந்த அச்சகமும், வீட்டைப் பார்த்துக்கொண்ட பணியாளர்களும் அதற்குப் பின்னால் இருந்தனர். நாவலாசிரியர்களின் வாசிப்பைப் பாராட்டும் வரலாறு இதையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். வுல்ஃப் இறுதிவரை வாசிப்பைக் கைவிடவில்லை; இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1940-இல், கடைசி நாவலை எழுதிக்கொண்டே ஆங்கில இலக்கியத்தையும் அதன் வாசகர்களையும் பற்றிய வரலாற்று நூல் ஒன்றை அவர் தொடங்கினார். 1941 மார்ச் 28-இல் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறவில்லை. எஞ்சிய இரண்டு இயல்களின் வரைவுகள் 1979-இல் அச்சேறின.