கணிதப் பாதைத் தெரிவு: இலங்கையின் இடைநிலை வகுப்புகள், ஜெயபுரத்தை முன்வைத்து

இடைநிலை வகுப்பு மாணவர் எந்தக் கணிதத்தை, எந்த வேகத்தில் படிப்பது என்று தீர்மானிப்பதே கணிதப் பாதைத் தெரிவு. இலங்கையில் தரம் 6 முதல் 11 வரை எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், அரசு இலவசமாகத் தரும் ஒரே பாடநூல், முடிவில் ஒரே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. ஆகவே ஏட்டளவில் இங்கே தெரிவு என்று ஒன்று இல்லை. நடைமுறையில் உண்டு. பிள்ளை எந்தப் பாடசாலையில் படிக்கிறது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்துவிடுகிறது. கிளிநொச்சி மாவட்டம் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

பிற நாடுகளில் பிரிப்பு வெளிப்படையானது. இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் அடிப்படை, உயர்நிலை என இரு மட்டங்களில் வினாத்தாள்கள் உண்டு. சிங்கப்பூர் 2024 முதல் பாடத்துக்குப் பாடம் வேறு மட்டத்தில் படிக்க விடுகிறது. இந்தியாவின் சி.பி.எஸ்.இ. 2020 பரீட்சையிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இரண்டு நிலைகளில் கணிதம் வைத்துள்ளது. அமெரிக்காவில் எட்டாம் வகுப்பிலேயே அட்சரகணிதம் தொடங்கலாமா என்பது இன்னும் ஓயாத வாதம்.

இலங்கை 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு எதிர்த்திசையில் நடந்தது. அதுவரை எல்லோருக்கும் கட்டாயமாக இராத கணிதம், அப்போது பொதுக் கலைத்திட்டத்தின் கட்டாயப் பாடமானது. வன்னிப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே கணிதம் என்ற அந்த முடிவு சரியானது. பதினொரு வயதில் ஒரு பிள்ளையை ‘கணக்கு வராது’ என்று ஒதுக்கிவைக்க அது இடம் தரவில்லை.

ஆனால் பாடசாலைகள் ஒரே வகையானவை அல்ல. 1ஏபி பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி பாடசாலைகளில் உயர்தரம் இருந்தாலும் கலை, வர்த்தகம் போன்றவையே இருக்கும். வகை 2 தரம் 11 உடன் முடியும், வகை 3 ஆரம்ப வகுப்புகளோடோ தரம் 8 உடனோ முடியும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிதான் பெரிய பாடசாலையில் தரம் 6 இடத்தைப் பெற்றுத் தருகிறது. பத்து வயதில் எழுதும் அந்தப் பரீட்சையே பலருக்குக் கணிதப் பாதையின் முதல் பிரிப்பு. 2002 முதல் சில பாடசாலைகளில் கணிதத்தை ஆங்கில மொழிமூலம் கற்கவும் வழியுண்டு. அதற்கான ஆசிரியர் இல்லாத இடங்களில் அது பேச்சளவில்தான்.

இரண்டாவது பிரிப்பு வகுப்பறைக்குள் நடக்கிறது, யாரும் அறிவிக்காமலே. 1/2 + 1/3 என்ற கணக்கில் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளை தரம் 6 இல் ஒரு புள்ளியை இழக்கும். அதே பிள்ளை தரம் 10 இல் x/2 + x/3 ஐக் கண்டதும் 2x/5 என்று எழுதும். ஆசிரியர் ‘அட்சரகணிதம் விளங்கவில்லை’ என்பார். உண்மையில் விளங்காதது பின்னம். திசைகொண்ட எண்களும் இப்படித்தான்: −3 − 5 க்கு விடை 2 என்று எழுதுபவருக்குச் சமன்பாடு கற்பித்துப் பயனில்லை. தரம் 6 க்கும் 8 க்கும் இடையில் பின்னம், விகிதம், திசைகொண்ட எண் ஆகிய மூன்றும் உறுதியானால் பிந்திய பாடங்களுக்கு அடித்தளம் இருக்கும். 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வுகளில் பள்ளி நாள்களை இழந்த வன்னிப் பிள்ளைகள் பலர் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றைத் தவறவிட்டே மேல் வகுப்புக்கு வந்தார்கள். பரிகாரக் கற்பித்தல் என்பது பழைய பரீட்சைத் தாள்களை மீண்டும் செய்விப்பதல்ல; தவறிய படி எதுவென்று கண்டுபிடித்து அதை நிரப்புவது.

சாதாரண தரத்தில் கணிதச் சித்திக்கு 35 புள்ளிகள் போதும், திறமைச்சித்திக்கு 50 வேண்டும். ஆனால் உயர்தர இணைந்த கணிதத்துக்கு வெறும் சித்தியோடு போவது பெருஞ்சுமை. தூய கணிதம் ஒரு தாள், பிரயோக கணிதம் ஒரு தாள் என்று வரும் அந்தப் பாடத்தை, பௌதிகவியலோடும் பெரும்பாலும் இரசாயனவியலோடும் சேர்த்துப் படிக்கவேண்டும். கணித ஆர்வம் உள்ளவருக்கு வேறு வழிகளும் உண்டு: 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவு, கணக்கீடு கொண்ட வர்த்தகப் பிரிவு. சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் சேரக்கூடியதாக 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பாடப் பிரிவு வந்தது.

2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருவது எளிதாயிற்று. அங்கே போய் உயர்தரம் படிக்கும் எண்ணமும் வளர்ந்தது. ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியது. கிளிநொச்சி அவ்வாறான மாவட்டம். பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதும் கணக்கில் எடுக்கப்படும். பாடசாலை மாற்றுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருட அனுமதிக் கைநூலைப் பெற்றோர் கட்டாயம் பார்க்கவேண்டும். தரம் 9 இல் உள்ள பிள்ளையின் பெற்றோர் இந்தத் தவணையிலேயே கணித ஆசிரியரிடம் போய், புள்ளியை விட்டுவிட்டு, ‘எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது?’ என்று கேட்கட்டும்.