லாலிபெலாவின் ஒற்றைக்கல் தேவாலயங்கள்

கல்லின்மேற் கல்லடுக்கியும், செங்கல்லோடு சுண்ணாம்பு சேர்த்தும், அடியில் தொடங்கி முடியை நோக்கி ஏறுவதே எத்தேசத்துக் கொத்தர்க்கும் இயல்பான வழக்கம். இவ்வழக்கத்தை முற்றிலும் தலைகீழாக்கி, முடியில் தொடங்கி அடியில் முடித்த ஆலயங்களும் உலகில் உண்டு. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைக் கண்ட நம் சங்கத்து அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலையைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவே நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிச் செய்தது அக்கோயில். அதே முறையில், அதற்கும் நமக்கும் யாதொரு தொடர்புமின்றி, ஆப்பிரிக்காவின் கீழ்ப்பாகத்துள்ள எத்தியோப்பியாவில் ஒரு மலையூரில் 11 கிறிஸ்தவ தேவாலயங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஊரின் பெயர் லாலிபெலா. கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்திலுள்ளது. இவ்வாலயங்களைச் செய்தவர் யாவர் என்ற கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாகப் பிழையான விடைகளே கூறப்பட்டு வந்தன. அவற்றைச் சுற்றிப் பார்ப்பதோடு அக்கேள்வியையும் ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

நம் பாட்டனார் படித்த பூகோள நூல்களில் அபிசீனியா என்று குறிக்கப்பெற்ற அத்தேசம், கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய மிகப் பழைய இராச்சியங்களுள் ஒன்று. அக்ஸூம் நகரத்திலிருந்து ஆண்ட எஸானா மன்னன் 4-ம் நூற்றாண்டிலேயே அம்மார்க்கத்தை ஏற்றான். அக்ஸூமின் செல்வாக்குக் குன்றியபின், ஸாக்வே என்னும் வம்சத்தார் தெற்கேயுள்ள லாஸ்தா மலைநாட்டில் அரசு செலுத்தினர். 12-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட லாலிபெலா என்பவன் அவ்வம்சத்தில் தோன்றியவன். ரோஹா என்றிருந்த ஊர் பிற்காலத்தில் அவன் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

அவன் பிறந்தபொழுது தேனீக்கள் கூட்டமாய் வந்து குழந்தையைச் சூழ்ந்தனவென்றும், அவை அவன் அரசுரிமையை அறிந்துகொண்டன என்பதே அப்பெயரின் பொருளென்றும் அவ்வூரார் கூறுவர். பின்னர், உடன்பிறந்தார் நஞ்சூட்ட, அவன் மூன்று நாள் உணர்விழந்து கிடந்து, அப்போது வானுலகுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, தான் வெட்டவேண்டிய ஆலயங்களை அங்கே கண்டு திரும்பினான் என்பது கதை. பகலில் மனிதர் செய்த வேலையைவிடப் பன்மடங்கு வேலையை இரவில் தேவதூதர் செய்தார்களாம். இக்கதைகளை விரிவாகச் சொல்லும் அரச சரித்திரம், அவன் காலத்துக்கு ஏறக்குறைய 200 வருஷங்களுக்குப் பின்னர், 15-ம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். எனினும் அரசன் கற்பனையல்லன். அவன் பெயர் பொறித்த மரப் பீடங்கள் அத்தேவாலயங்களில் இன்றும் இருக்கின்றன.

தலைநகராகிய அடிஸ் அபாபாவிலிருந்து ஆகாய விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம். எல்லாவற்றையும் பார்ப்பதற்கு இரண்டு நாட்கள் போதும். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஏனெனில் தேவாலயங்களை இணைக்கும் பள்ள வழிகளும் சுரங்கங்களும் புதியவர்க்குத் திசை தெரியாதபடி செய்துவிடும். ஒவ்வொரு வாயிலிலும் பாதரட்சைகளைக் கழற்றவேண்டும். அவற்றைக் காத்துக்கொள்வதற்கென்றே ஆட்கள் இருக்கின்றனர். இவ்வகையில் நம்மவர்க்கு அங்கே அந்நியத்தன்மை சிறிதும் தோன்றாது.

ஆலயங்களின் பெயர்களெல்லாம் ‘பேத்த’ என்றே தொடங்கும். அது பழைய கீஸ் மொழியில் வீடு எனப் பொருள்படும். பெத்லகேம், பெத்தேல் என்னும் விவிலியப் பெயர்களின் முற்பாகமும் இதனோடு உறவுடையதே.

வடக்குத் தொகுதியில் முதலிற் காண்பது உலக இரட்சகர் இல்லமாகிய பேத்த மெட்ஹானே ஆலெம். நீளம் ஏறக்குறைய 33 மீட்டர், அகலம் 23 மீட்டர், உயரம் 11 மீட்டர். ஒரே பாறையில் வெட்டிய தேவாலயங்களுள் உலகிலேயே பெரியது இதுவெனக் கூறுவர். புறத்தே நாற்புறமும் தூண்வரிசை. உள்ளே சென்றால் இருளில் மேலும் பல தூண்கள் நான்கு வரிசையாக நிற்பது மெல்ல மெல்லப் புலப்படும். தூண்களை நிறுத்தி அவற்றின்மேற் கூரையை வைத்தாரல்லர். கூரையை முதலிற் செய்து, அதன்கீழே தூண்களாக வேண்டுமிடத்தை மட்டும் விட்டுவைத்து, மற்றெல்லாவற்றையும் வாயில் வழியாகவும் சாளரங்கள் வழியாகவும் வெளியே கொட்டினர். இதனை எண்ணாமல் அத்தூண்களைப் பார்ப்பவர் பார்த்ததாகச் சொல்லவியலாது. இவ்வாலயத்திலுள்ள பழைய சிலுவையொன்று 1997-ல் களவுபோய், பெல்ஜியம் வரையிற் சென்று, மீண்டு வந்தது.

அடுத்துள்ள பேத்த மர்யாம் சிறியது. ஆயினும் ஊரார் அன்பில் பெரியது. உட்கூரையிலும் மேற்சுவரிலும் வர்ண சித்திரங்கள் உள்ளன. நடுவே ஒரு தூணைத் துணியாற் சுற்றி மூடி வைத்திருக்கின்றனர். உலகத்தின் முதலும் முடிவும் அதில் எழுதப்பட்டிருப்பதாக நம்பிக்கை. குருமாரும் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. இவ்வாலயத்து முற்றத்தின் பக்கச் சுவர்களையே குடைந்து சிலுவைக்கு ஒன்றும், கன்னியர்க்கு ஒன்றுமாக இரு சிறு ஆலயங்கள் செய்துள்ளனர். அருகே கொல்கொத்தா ஆலயம். அதன் சுவர்களில் ஆளுயரப் புனிதர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. லாலிபெலாவின் கல்லறை அதனுள்ளேயே இருக்கிறதென்பது மரபு. அங்கே பெண்டிர் புக அனுமதியில்லை. குடும்பத்தோடு செல்வோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

வடக்குத் தொகுதிக்கும் கிழக்குத் தொகுதிக்கும் இடையே ஓடும் நீர்வழிக்கு யோர்தான் என்று பெயர். கொல்கொத்தா, ஆதாமின் கல்லறை, யோர்தான் என இவ்வாறு ஊர் முழுவதும் ஜெருசலேமின் பெயர்களாகவே இருத்தலால், 1187-ல் சலாவுத்தீன் அந்நகரைக் கைப்பற்றியபின் யாத்திரை செல்ல வழியற்ற தன் குடிகளுக்காக அரசன் இரண்டாம் ஜெருசலேம் ஒன்றைச் செய்தான் என்று பலர் எழுதிவிட்டனர். கேட்பதற்கு இனிய விளக்கமே. ஆனால் வேலையெல்லாம் அவ்வாண்டுக்குப் பின்னரே தொடங்கிற்று என்று காட்டச் சான்று இல்லை. டேவிட் பிலிப்ஸன் என்ற ஆங்கிலேய தொல்பொருள் ஆராய்ச்சியாளர், கிழக்குத் தொகுதியிற் சில பகுதிகள் லாலிபெலாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஆலயமாக அன்றி அரணாகவோ மாளிகையாகவோ வெட்டப்பட்டு, பின்னர் ஆலயமாக மாற்றப்பட்டன என்று கருதினார். பேத்த கப்ரியேல்-ருஃபாயேலின் உயர்ந்த முகப்பையும், அதன்முன் கிடக்கும் ஆழ்ந்த அகழியையும் நேரிற் பார்ப்பவர்க்கு அக்கருத்து எளிதில் ஏற்கும்.

கிழக்குத் தொகுதியிலேயே பேத்த அமானுவேல் இருக்கிறது. நம் கேள்விக்கு விடை அதன் சுவரில் எழுதாமல் எழுதப்பட்டிருக்கிறது. அச்சுவர் ஒரே கல். ஆயினும் ஒரு பட்டை முன்னே நிற்க, அடுத்த பட்டை உள்வாங்கியிருக்க, அடிமுதல் முடிவரை கிடைவரிகளாக அது செதுக்கப்பட்டிருக்கிறது. சாளரங்களின் மூலைகளில் சதுரமான முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். கல்லுக்கு இவையிரண்டும் வேண்டுவனவல்ல. அக்ஸூம் காலத்துக் கட்டடங்களில் கல்வரிசையும் மரச்சட்டமும் மாறி மாறி அடுக்கப்பட்டன. சட்டங்களின் முனைகள் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. லாலிபெலா ஊருக்கு அண்மையில், ஒரு மலைக்குகைக்குள், யெம்ரஹன்ன கிறிஸ்தோஸ் என்ற முந்திய ஸாக்வே அரசன் பெயரால் வழங்கும் ஆலயம் மெய்யாகவே கல்லும் மரமுமாக இம்முறையிற் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. தச்சன் மரத்தினால் தேவை கருதிச் செய்ததை, கல்வெட்டுவோன் தன் பாட்டன் வீட்டு வழக்கமென்று பாறையிலும் செய்து வைத்தான். நம் தேசத்திலும் கார்லே, பாஜா முதலிய பௌத்தக் குகைகளில் மர விட்டங்களின் வடிவைக் கல்லில் வெட்டியிருக்கின்றனர் அன்றோ? பிறநாட்டுச் சிற்பி வந்து செய்திருப்பின், அக்ஸூம் தச்சனுடைய கைப்பழக்கத்தை இவ்வளவு உண்மையாகப் பின்பற்றியிருக்கக் காரணமில்லை.

ஆனால் பிறர் சொன்னதென்ன? 1520-ல் போர்த்துக்கீசியத் தூதுக்குழுவுடன் அத்தேசத்துக்குச் சென்ற பிரான்சிஸ்கோ ஆல்வரெஸ் என்ற குருவே இவற்றைக் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர். அவர் நூல் 1540-ல் லிஸ்பனில் அச்சாயிற்று. மேலும் எழுதினால் யாரும் நம்பமாட்டார்களே என்று அவர் அதில் அஞ்சியிருக்கிறார். அவருக்கு அவ்வூரார், எல்லாம் 24 வருஷங்களில் முடிந்ததென்றும், செய்தவர் வெளியிலிருந்து வந்த வெள்ளையரென்றும், தம்மவர்க்கு இத்தகைய வேலை தெரியாதென்றும் கூறினராம். தம் முன்னோர் கையாற் செய்ததைத் தம் வாயாலேயே பிறர்க்கு ஈந்துவிட்ட இப்பேச்சைப் படிக்கையில் மனம் வருந்தாதிருப்பது அரிது. அவர் உண்மையில் அப்படித்தான் சொன்னாரோ, கேட்டவர் அப்படிக் கேட்டுக்கொண்டாரோ, இனி அறிதற்கில்லை. அதன்பின் எகிப்தியர் என்றனர் சிலர். 1992-ல் வெளிவந்த ஓர் ஆங்கில நூல் ஐரோப்பியச் சிலுவைப்போர் வீரராகிய தேவாலயப் படையினர் உதவினரென ஊகித்தது. அதற்கு அகழ்வாராய்ச்சியில் ஒரு சான்றும் இல்லை. அத்தேசத்தின் வடக்கே திக்ரே நாட்டில் 100-க்கு மேற்பட்ட பாறைக் கோயில்கள் இருக்க, கல் வெட்டத் தெரியாதவர் எத்தியோப்பியர் என்று எண்ணியவர்களின் துணிவே பெரிய அதிசயம். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அண்மைக்காலத்தில் வெட்டிய கல் கொட்டப்பட்ட மேடுகளையும் வெட்டு மட்டங்களையும் ஆராய்ந்து, வேலை பல காலங்களில், முன்னதைப் பின்னது மாற்றி, நெடுநாள் நடந்திருப்பதாகக் காட்டியிருக்கின்றனர். ஓர் அரசன் ஆயுளில் முடிந்ததன்று. பெயர் தெரியாத பல தலைமுறைக் கல்வெட்டுவோரின் உழைப்பு அது.

இறுதியாக, மற்றவற்றினின்று விலகித் தனியே நிற்கும் பேத்த கியோர்கிஸுக்கு வருவோம். சரிவில் நடந்து வருபவர்க்கு முன்னர் எதுவும் தெரியாது. விளிம்பில் வந்து நின்றபின்னரே, ஏறக்குறைய 25 மீட்டர் சதுரமும் 12 மீட்டர் ஆழமுமுள்ள குழியும், அதன் நடுவே சிலுவை வடிவான ஒற்றைக்கல்லும், தரைமட்டத்தில் நிற்கும் கூரையும் ஒருங்கே கண்ணிற்படும். கூரையில் ஒன்றனுள் ஒன்றாக மூன்று சிலுவைகள். தமக்கு ஓர் ஆலயம் இல்லையென்று புனித ஜார்ஜ் கவசமணிந்து குதிரைமேல் வந்து கேட்டாரென்றும், பாறையிற் காணும் பள்ளங்கள் அக்குதிரையின் குளம்படியென்றும் வழிகாட்டி காட்டுவார். நாம் அவரோடு வாதிட வேண்டுவதில்லை. 11-லும் மிக நேர்த்தியாக அமைந்தது இதுவே. கோடு பிழையாமல், விளிம்பு சிதையாமல் நிற்பதைக் காணும்போது, மற்றவற்றிற் பழகிய கைகள் கடைசியாகச் செய்தது இது என்ற எண்ணம் தானே எழுகிறது.

இவை வெறுங் காட்சிப் பொருள்களல்ல. நாடோறும் வழிபாடு நடக்கிறது. ஜனவரி 7-ம் தேதி வரும் அவர்கள் கிறிஸ்துமஸுக்கு வெண்துகில் போர்த்த யாத்திரிகர் பல்லாயிரவர் கால்நடையாகவே வந்து கூடுவர். அன்று பேத்த மர்யாம் முற்றத்தின் மேல்விளிம்பில் ஒரு சாராரும் கீழே ஒரு சாராருமாகக் குருமார் நின்று, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் விடையாகப் பாடுவர்.

ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு ஸ்தாபனம் 1978-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களை முதன்முதலாகப் பதிந்தபோது எடுத்த 12 இடங்களுள் லாலிபெலாவும் ஒன்று. ஆயினும் எரிமலைக் குழம்பிற் பிறந்த மென்கல்லாதலின், மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அது விரிசல் விடுகிறது. 2008-ல் ஐரோப்பியப் பொருளுதவியால் சில ஆலயங்களுக்குமேல் பெரிய கூடாரங்கள் உலோகத் தூண்களில் நிறுத்தப்பட்டன. சில ஆண்டுகளுக்கென்று வைத்தவை அப்படியே நின்றுவிட்டன. அவற்றின் பாரத்தால் பாறைக்குக் கேடு வருமென்று அஞ்சி 2018-ல் ஊரார் திரண்டு முறையிட்டனர். 2019-ல் பிரான்சு தேசத்து ஜனாதிபதி அங்கே சென்று உதவி வாக்களித்தார். இவற்றினிடையே 2021 ஆகஸ்டில் உள்நாட்டுப் போரில் திக்ரே படையினர் ஊரைக் கைப்பற்றினர்; அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கத்தார் மீட்டனர். 2023-ல் அம்ஹாரா நாட்டில் வேறொரு சண்டை மூண்டது. யாத்திரிகரையும் பிரயாணிகளையும் நம்பிப் பிழைக்கும் வழிகாட்டிகளும் விடுதிக்காரரும் பெரிதும் நலிந்தனர். செல்ல விரும்பும் அன்பர்கள் நாட்டு நிலையை நன்கு விசாரித்தறிந்து, மழை ஓய்ந்த அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்தில் புறப்படுவது தகும். மலைக்காற்றுக்குக் கம்பளிப் போர்வையும், சுரங்கத்துக்கு ஒரு கைவிளக்கும் உடன் கொண்டு செல்க.